விடியலுக்கு முந்தைய நீர்

2019 ஆகஸ்ட் 18 இரவு, சென்னையில் பெசன்ட் நகர், திருவான்மியூர் கடற்கரைகளில் அலை உடையும் இடமெல்லாம் நீல வெளிச்சம் தெரிந்தது. செய்தி பரவியதும் தூக்கத்தை விட்டுவிட்டுக் குடும்பம் குடும்பமாக மக்கள் கரைக்கு வந்தார்கள். தண்ணீரில் கால் வைத்தால் காலைச் சுற்றி ஒளி சிதறியது. நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் உயிரியின் வேலை இது என்று கடல் உயிரியலாளர்கள் சொன்னார்கள். கூடவே, இது கொண்டாட வேண்டிய செய்தி அல்ல என்றும் சிலர் எச்சரித்தார்கள்.

அடுத்த மாதம் அதே உயிரி மன்னார் வளைகுடாவில் பெருகியது. (இரண்டும் ஒரே பெருக்கத்தின் தொடர்ச்சி என்று நான் சொல்லவில்லை. உயிரிதான் ஒன்று.) மண்டபம், பாம்பன் பக்கம் கடல் பச்சையாகக் கெட்டியானது. மீன்கள் செத்து ஒதுங்கின. தீவுகளை ஒட்டிய பவளப் பார்களிலும் சாவு நடந்தது. அந்தக் கரை மீனவர்களுக்கு இது புதிய காட்சி அல்ல. பூங்கோரை என்று இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஓய்ந்து வாடை பிடிப்பதற்கு முன், கடல் அசையாமல் கிடக்கும் செப்டம்பர், அக்டோபர் நாட்களில் இது தலைகாட்டும். 2008 அக்டோபரிலும் இதே வளைகுடாவில் இதே உயிரி பெருகி, மீன்களும் பவளங்களும் மாண்டதை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையத்து அறிஞர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

கடல் நீரின் தரத்தை அளப்பது என்றால் உண்மையில் என்ன வேலை, அந்த வேலை எங்கே தடுமாறுகிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்தப் பூங்கோரையைவிட நல்ல ஆசிரியர் கிடைப்பது கடினம். ஆகவே இந்த அத்தியாயம் முழுவதும் அதன் பின்னாலேயே போகிறோம்.

ஒரு குப்பியில் அள்ளிப் பார்த்தால் நாக்டிலூகா வெறுங்கண்ணுக்கே ஜவ்வரிசிக் குருணைபோலத் தெரியும். பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஒற்றைச் செல் உயிருக்கு இது பெரிய உடம்பு. உடலின் பெரும்பகுதி நீர் நிறைந்த ஒரு பை. அந்த நீரில் அம்மோனியம் மிகுதி என்பதால் கடல்நீரைவிட எடை குறைந்து மேலே மிதக்கிறது. குளிர்ந்த கடல்களில் வாழும் நாக்டிலூகா செந்நிறம் தரும். நம் வெப்பக் கடல்களில் காணப்படுவது பச்சை. காரணம், அதன் உடலுக்குள் ஆயிரக்கணக்கில் நுண்ணிய பாசிச் செல்கள் நீந்திக்கொண்டிருக்கின்றன. அவை வெயிலில் உணவு தயாரித்து வீட்டுக்காரருக்கும் பங்கு தருகின்றன. அது போதாதென்று நாக்டிலூகா தானும் வேட்டையாடுகிறது. டயாட்டம் என்னும் நுண்பாசிகள், கோபிபாடு என்னும் நுண்ணிய ஓட்டுடலிகளின் முட்டைகள் என்று எதிர்ப்பட்டதை எல்லாம் விழுங்கும். வெயிலும் சோறு போடுகிறது, வேட்டையும் சோறு போடுகிறது. அதனால்தான் சரியான சூழல் அமைந்தால் சில நாட்களுக்குள் ஒரு விரிகுடாவையே மூடிவிட அதனால் முடிகிறது.

அது நஞ்சு கக்கி மீன்களைக் கொல்வதில்லை. செல்கள் உடையும்போது வெளியேறும் அம்மோனியா கேடு செய்யும். திரள் கெட்டியாக இருந்தால் மீனின் செவுளை அடைக்கும். ஆனால் முதல் குற்றவாளி மூச்சுத் திணறல்தான்.

கடலில் மூச்சு விடுவது எப்போதுமே சிக்கனமான வாழ்க்கை. நாம் இழுக்கும் காற்று ஒரு லிட்டரில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 29 பாகை செல்சியஸில் உள்ள ஒரு லிட்டர் கடல்நீர், காற்றோடு சமநிலையில் இருக்கும்போது தாங்கக்கூடியது 6.3 மில்லிகிராம் அளவுதான். நீர் சூடாக ஆக இதுவும் குறையும். லிட்டருக்கு 4, 5 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் பல மீன்கள் தவிக்கத் தொடங்கும். 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் ஓட முடிந்தவை ஓடும். ஓட முடியாதவை சாகும்.

பூங்கோரை மூடிய நீரில் ஆக்சிஜன் நிலையாக நிற்பதில்லை. பகலில் கோடிக்கணக்கான பச்சைச் செல்கள் ஒளிச்சேர்க்கை செய்கின்றன. மேல்நீரில் ஆக்சிஜன் குவிகிறது, சமநிலை அளவையும் தாண்டிப் போகலாம். பொழுது சாய்ந்ததும் உற்பத்தி நின்றுவிடும். சுவாசம் மட்டும் நிற்காது. நாக்டிலூகா சுவாசிக்கிறது, உள்ளே குடியிருக்கும் பாசி சுவாசிக்கிறது, செத்து அடியில் படிந்த செல்களைத் தின்னும் பாக்டீரியாக்கள் எல்லாரையும்விட வேகமாகச் சுவாசிக்கின்றன. காற்றில்லாத இரவில் மேல்நீரும் அடிநீரும் கலப்பதில்லை. மணிக்கு மணி இருப்பு கரைகிறது. மிகவும் வறண்ட நேரம் விடிவதற்குச் சற்று முன். பவளமும் பாரில் குடியிருக்கும் நண்டும் விலாங்கும் அந்த ஓரிரு மணி நேரத்தைத் தாண்டியாக வேண்டும். தாண்ட முடியாதவை விடிந்ததும் கரையில் ஒதுங்குகின்றன. ஒன்பது மணி வெயிலில் நீர் மறுபடியும் ஆக்சிஜன் சேர்த்துக்கொண்டு, எதுவும் நடக்காததுபோல் கிடக்கும்.

நீர்மாதிரி எடுக்கும் படகு பெரும்பாலும் கிளம்புவது அந்த ஒன்பது மணிக்குத்தான்.

சோம்பலால் அல்ல. ஆய்வகம் திறக்கும் நேரம், ஓட்டுநரின் பணிநேரம், இருட்டில் பார்களுக்கிடையே படகு செலுத்தும் ஆபத்து, தீவுகளைச் சுற்றியுள்ள கடல் தேசியப் பூங்காவுக்குள் நுழைய வனத்துறையின் அனுமதி என்று ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் உண்டு. அத்தனை நியாயங்களும் சேர்ந்து, ஆபத்து இல்லாத நேரத்திலேயே நீரை அளக்க வைக்கின்றன.

அளக்கும் முறையைக் கொஞ்சம் அருகே நின்று பார்ப்போம். 1888இல் ஹங்கேரிய வேதியியலாளர் லாயோஷ் விங்க்லர் வகுத்த முறை இன்றும் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. அடிநீர் வேண்டுமென்றால் இருபுறமும் திறந்த நிஸ்கின் குப்பியைக் கயிற்றில் இறக்கி, வேண்டிய ஆழம் வந்ததும் கயிறு வழியே ஓர் எடையை நழுவவிட வேண்டும். அது மோதியதும் குப்பியின் இரு வாயும் மூடிக்கொள்ளும். மேலே இழுத்து, ரப்பர் குழாயைக் கண்ணாடிக் குப்பியின் அடிவரை நுழைத்து, நீரை மெல்ல நிரப்பி வழியவிட வேண்டும். ஒரு குமிழி உள்ளே போனாலும் கணக்கு கெட்டது. குமிழிக்குள் இருப்பது காற்று, காற்றில் ஆக்சிஜன் எவ்வளவு என்று மேலே பார்த்தோம். பிறகு மாங்கனீசு உப்புக் கரைசலும், காரம் கலந்த அயோடைடு கரைசலும் சேர்த்து மூடிக் குலுக்க வேண்டும். நீரில் ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிற வண்டல் திரளும். இல்லை என்றால் வெள்ளையாகவே நிற்கும். ஆய்வகம் போய்ச் சேரும் முன்பே, ஆடுகிற படகில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த நிறம் பாதி விடையைச் சொல்லிவிடும். மீதிப் பாதி ஆய்வகத்தில். அமிலம் விட்டால் வண்டல் கரைந்து, ஆக்சிஜனின் அளவுக்கு ஏற்ப அயோடின் வெளிப்படும். ஸ்டார்ச் சேர்த்தால் வரும் நீலம், தயோசல்பேட் சொட்டுச் சொட்டாக விழ விழ மறைகிறது. எத்தனை மில்லிலிட்டரில் மறைந்தது என்பதிலிருந்து லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று கிடைக்கும்.

இம்முறையில் ஒரு வசதி உண்டு. படகிலேயே இரண்டு கரைசல்களும் சேர்ந்துவிட்டால் ஆக்சிஜன் வண்டலில் கட்டுண்டுவிடும். குப்பியை இருட்டில் பத்திரமாக வைத்திருந்தால் பல மணி நேரம் கழித்தும் அளக்கலாம். விடிகாலை நான்கு மணி நீரை ஆய்வகம் திறந்த பிறகு அளப்பதற்கு வேதியியலில் தடை எதுவும் இல்லை. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

எல்லாச் சோதனைக்கும் நேரம் இப்படி முக்கியமில்லை. உப்பின் அளவு மணிக்கு மணி தலைகீழாக மாறிவிடாது. நைட்ரேட், பாஸ்பேட் போன்ற சத்துக்களுக்கு நீரை வடிகட்டி ஐஸில் வைத்துக் கொண்டுவந்தால் போதும். நீரின் தெளிவைப் பார்க்க 1865இல் இத்தாலியப் பாதிரியாரும் வானியலாளருமான ஆஞ்சலோ செக்கி, போப்பாண்டவரின் கப்பலில் இருந்து இறக்கிப் பார்த்த வெள்ளைத் தட்டே இன்றும் உதவுகிறது. தட்டு கண்ணுக்கு மறையும் ஆழம்தான் அளவு. கடல்புல் வளருமா, கடற்பசுவான ஆவுளியா மேய வருமா என்று கேட்டால் நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த மலிவான தட்டைத்தான், ஏனென்றால் வெளிச்சம் எட்டாத அடியில் கடல்புல் இல்லை. ஆக்சிஜன் அப்படிப்பட்டதல்ல. அதன் எண்ணோடு மணியையும் ஆழத்தையும் எழுதாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

இந்தியாவில் கடலோர நீரைப் பயனுக்கேற்ப வகைப்படுத்தி அளவுகோல் வகுத்திருக்கிறார்கள். உப்பளம், சிப்பி வளர்ப்பு, சூழல் முக்கியத்துவம் உள்ள பகுதிகளுக்கான முதல் வகையில் ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. மக்கள் குளிக்கும் கடலுக்கான இரண்டாம் வகையில் 4. நல்ல அளவுகோல்கள்தான். ஆனால் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். பூங்கோரை மூடிய ஒரு பாரில் பிற்பகல் மூன்று மணிக்கு 8.5, விடிகாலை நான்கு மணிக்கு 1.5 என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் சரியாக 5. அறிக்கையில் அந்தப் பார் தேறிவிடும். பாரிலோ உயிர் இருக்காது. இது கற்பனை எண்கள் கொண்ட கணக்கு. ஆனால் சராசரி என்ற ஒற்றை எண்ணில் நீரின் தரத்தைச் சொல்லும் ஒவ்வோர் அறிக்கையைக் கையில் எடுக்கும்போதும் நான் இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டுதான் படிக்கிறேன். உயிர்கள் சராசரியில் வாழ்வதில்லை. மிகக் குறைந்த அளவில் அவை பிழைத்தனவா என்பதே கேள்வி.

மேலிருந்து பார்க்கலாமே என்று கேட்கலாம். பார்க்கிறார்கள். ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் பாசிப் பெருக்கம் பற்றிய தகவலைச் செயற்கைக்கோள் படங்களிலிருந்து வெளியிடுகிறது. 2022 நவம்பர் 26 அன்று ஏவப்பட்ட ஓஷன்சாட்-3 கடலின் நிறத்தை 13 அலைவரிசைகளில் படிக்கிறது. முன்னவரான ஓஷன்சாட்-2 படித்தது 8. பச்சையம் எங்கே குவிகிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று அறிய இதைவிடச் சிறந்த வழி இல்லை. ஆயினும் செயற்கைக்கோள் பார்ப்பது நண்பகல் வேளையில். மேகம் மூடினால் பார்வை இல்லை. கரையோர ஆழமற்ற நீரில் கலங்கிய மணலும் அடித்தரையின் நிறமும் குழப்பும். முக்கியமாக, அது பார்ப்பது நிறத்தைத்தான், ஆக்சிஜனை அல்ல. திரள் வருகிறது என்று சொல்லும், எந்தப் பார் எந்த இரவில் மூச்சுத் திணறியது என்று சொல்லாது.

நீருக்குள்ளேயே உணர்கருவியைப் பொருத்திவிட்டால்? ஆக்சிஜன் பட்டால் ஒளிர்வு மங்கும் ஒரு பூச்சை வைத்துப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரவும் பகலும் அளக்கும் கருவிகள் இப்போது இருக்கின்றன. இவையே சரியான விடை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வெப்பக் கடலில் எதையும் சும்மா தொங்கவிட முடியாது. சில வாரங்களில் பாசி படியும், பிறகு கொட்டலசு ஒட்டும். அப்போது கருவி கடலின் ஆக்சிஜனை அளக்காது, தன்மேல் ஒட்டியவற்றின் மூச்சையே அளந்துகொண்டிருக்கும். துடைக்க ஆள் போக வேண்டும். காட்டும் எண் மெல்ல விலகுகிறதா என்று ஒப்பிட வேண்டும். எதோடு ஒப்பிடுவது? விங்க்லரின் குப்பியோடுதான். கருவி வாங்க நிதி ஒதுக்குவது ஒருநாள் வேலை. அதைத் துடைக்கப் போகிறவரின் சம்பளத்தை ஆண்டுதோறும் ஒதுக்குவதில்தான் ஒரு கண்காணிப்புத் திட்டத்தின் உயிர் இருக்கிறது.

2019க்குத் திரும்புவோம். தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பெருக்கத்தின்போதே நீருக்குள் இறங்கினார்கள். ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போயிருந்ததைப் பதிவு செய்தார்கள். எந்தப் பவளம் செத்தது, எது பிழைத்தது என்றும் பார்த்தார்கள். அக்ரோபோரா, மான்டிபோரா, போசில்லோபோரா என்ற வேகமாக வளரும் இனங்கள்தான் அதிகம் அடிபட்டன. உருண்டையாக, மெதுவாக வளரும் பவளங்கள் தாக்குப்பிடித்தன. வேகமாக வளர்பவற்றுக்கு மூச்சும் அதிகம் வேண்டும் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். இது சின்ன இழப்பு அல்ல. கிளை பரப்பும் இனங்களின் இடுக்குகளில்தான் மீன்குஞ்சுகள் ஒளிந்து வளர்கின்றன. மீனவரின் வலைக்குள் சில ஆண்டுகள் கழித்து வரவேண்டிய மீன் இந்தக் கிளைகளில் தொடங்குகிறது.

அவர்கள் அந்த நேரத்தில் இறங்கியது எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டும். வெப்பத்தால் வெளுக்கும் பவளம் வெள்ளையாகிச் சில வாரங்கள் உயிரோடு நிற்கும். மூச்சுத் திணறிய பவளத்தின் சதையோ விரைவிலேயே உரிந்து போய்விடும். இரண்டிலும், சற்றே தாமதித்துப் போனால் பாசி படர்ந்த எலும்புக்கூடுதான் மிச்சம். அதைப் பார்த்துச் சாவின் காரணத்தைச் சொல்ல முடியாது. 2016 கோடையில் இதே வளைகுடாவில் வெப்பத்தால் பெரும் வெளுப்பு நடந்தது. உயிருள்ள பவளத்தின் பரப்பு ஏறத்தாழ 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காட்டுக்கு இறங்கியது. மூன்றே ஆண்டுகளில் மூச்சுத் திணறல். எது எவ்வளவு கொன்றது என்று இன்று பிரித்துச் சொல்ல முடிவதற்கு ஒரே காரணம், 2003 முதலே அதே நிறுவனத்தினர் அந்தப் பார்களில் நாடாவை விரித்து, அதன் கீழே எத்தனை சென்டிமீட்டர் உயிருள்ள பவளம் என்று அளந்து வைத்திருந்ததுதான். அப்போது அது யாருக்கும் பரபரப்பான செய்தி ஆகவில்லை.

பூங்கோரைக்குத் தீனி போடுவது யார் என்ற கேள்விக்கு ஒற்றைக் குழாயைச் சுட்டிக்காட்ட முடியாது. கடலில் நுண்பாசிகள் ஒரு பங்கு பாஸ்பரசுக்குச் சுமார் 16 பங்கு நைட்ரஜன் என்ற விகிதத்தில் வளர்வதை கடலியலாளர் ஆல்பிரெட் ரெட்ஃபீல்டு எடுத்துக்காட்டினார். ஊர்களின் கழிவுநீர், இறால் பண்ணையின் கழிவு என்று எது வந்தாலும் இரண்டும் அதில் உண்டு. வயலில் மிஞ்சிய யூரியா நைட்ரஜனைக் கூட்டும். அதோடு ஆழத்திலிருந்து இயல்பாக மேலெழும் சத்தும், நாளுக்கு நாள் சூடாகும் நீரும், காற்றில்லாத பருவமும் சேர வேண்டும். காற்றையும் பருவத்தையும் நாம் திருத்த முடியாது. கழிவுநீரைத் திருத்த முடியும். வெப்பத்தோடு போராடும் ஒரு பாருக்கு, மூச்சுத் திணறல் என்ற ஒரு சுமையாவது குறையட்டும் என்பது நியாயமான கோரிக்கை. அதற்கு நகராட்சிகளை அசைக்க வேண்டுமானால், விடிகாலை எண்கள் கையில் இருக்க வேண்டும்.

அந்த எண்களை யார் எடுப்பது? விடிவதற்கு முன் கடலில் யாருமே இல்லை என்பது கரையில் இருப்பவர்களின் நினைப்பு. நண்டு வலையை மாலையில் விரித்துவிட்டு வந்தவர், அதை எடுக்க இருட்டிலேயே வல்லத்தைத் தள்ளிக்கொண்டு போகிறார். அவருடைய வலை இரவெல்லாம் தரையில் கிடக்கிறது. ஆக்சிஜன் வற்றியதா என்று அளக்க வேண்டிய ஆழமும் அதுதான், நேரமும் அதுதான். வலையில் வந்த நண்டு துடிப்பாக இருக்கிறதா, துவண்டு கிடக்கிறதா, செத்தே வருகிறதா என்பதை எவருக்கும் முன்னால் பார்ப்பவர் அவர். தண்ணீரின் வாடை மாறியதும் அவருக்குத் தெரியும். இப்போது இந்தச் செய்தி ஏலக்கூடத்தோடு நின்றுவிடுகிறது.

கிராமத்துக்கு இரண்டு பேருக்குக் குப்பி நிரப்பவும், கையுறை மாட்டிக்கொண்டு அந்த இரண்டு கரைசல்களைச் சேர்க்கவும் பழக்கினால் (காரக் கரைசல் தோலை அரிக்கும், விளையாட்டல்ல), கரைக்கு வந்ததும் இருட்டுப் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பிவிடலாம். தீவுகளை ஒட்டிய பூங்கா எல்லைக்குள் மீனவர் போக முடியாது. அங்கே வனத்துறையின் ரோந்துப் படகுகள் இருக்கின்றன, இதையே அவர்களும் செய்யலாம். செய்கிறவர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். தொண்டு என்று சொல்லி அவர்களுடைய நேரத்தை இலவசமாக வாங்குவதை நான் ஏற்கமாட்டேன். எண் இறங்கத் தொடங்கியதும் செய்தி அன்றைக்கே ஊருக்குத் திரும்ப வர வேண்டும். மண்டபம் பக்கம் கடலில் கூண்டு கட்டிக் கடல் விரால் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். கூண்டு மீன் ஓட முடியாது. ஓர் இரவு முன்னதாகத் தெரிந்தால் கூண்டை இழுத்துப் போகவோ, விற்கும் அளவுள்ள மீனைப் பிடித்துவிடவோ, காற்றுக் குழாய் போடவோ அவர்களுக்கு வழி கிடைக்கும்.

இதில் எல்லாரும் முதலில் கைவிடுவது எதுவும் நடக்காத நாட்களைத்தான். செப்டம்பரில் பத்து நாள் எடுத்தும் ஆக்சிஜன் 5.5, 5.7 என்றே வந்தால், இதற்குப் போய்ப் பணம் செலவழிப்பதா என்று ஒரு கேள்வி எழும். அந்தப் பத்து எண்கள்தான் பதினோராம் நாள் 3.8 வந்தால் பதற வேண்டுமா என்பதைச் சொல்பவை. பூங்கோரை வராத ஆண்டின் பதிவேடும் வந்த ஆண்டின் பதிவேடும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். தேதி, தீவு, ஆழம், மணி, மில்லிகிராம் என்று ஐந்து கட்டங்கள் போதும். மணி எழுதாத வரியை ஆய்வகம் ஏற்கக் கூடாது.